பழைய மேனுவல் லென்ஸில் சிப் வைப்பது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

சிப் வைத்தால் பழைய லென்ஸ் ஆட்டோஃபோகஸ் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பலர் பணம் கட்டுகிறார்கள். ஆகாது. ஃபோகஸ் ரிங்கை நீங்கள்தான் திருப்ப வேண்டும். சிப் செய்வது ஒன்றுதான்: 'இங்கே ஒரு லென்ஸ் மாட்டியிருக்கிறது, இதன் ஃபோகல் நீளம் இவ்வளவு, அதிகபட்ச அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இவ்வளவு' என்று கேமரா பாடியிடம் சொல்கிறது. அதை நம்பி பாடி தன் ஒளி மீட்டரை ஓட்டுகிறது, ஃபோகஸ் சரியானதும் புள்ளியை எரியவிடுகிறது, படக் கோப்பில் விவரத்தை எழுதுகிறது. சிப் தவறாகச் சொன்னால் பாடியும் அதையே நம்பித் தவறு செய்யும். கீழே சொல்லியிருக்கும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவைதான். மீதி, பசையையும் அரை மில்லிமீட்டரையும் அலட்சியம் செய்வதால் வருபவை.

1. உங்கள் பாடிக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள்

நிக்கானில் டி3000, டி5000 வரிசைகள் (டி3300, டி5300 போன்றவை), டி7500 ஆகியவற்றில் சிப் இல்லாத லென்ஸை மாட்டினால் எம் (மேனுவல்) மோடு மட்டும்தான். மீட்டர் வேலை செய்யாது. இவற்றை வைத்திருப்பவர்களுக்குச் சிப் உண்மையிலேயே பயன். இன்னொரு லாபமும் உண்டு. இந்தப் பாடிகள் பலவற்றின் மெனுவில் 'ரேஞ்ச்ஃபைண்டர்' என்று ஒன்று இருக்கும். ஃபோகஸ் முன்னே போயிருக்கிறதா, பின்னே போயிருக்கிறதா என்று கோடுகளாகக் காட்டும். அது எம் மோடில் வராது. சிப் வைத்து ஏ (அப்பர்ச்சர் பிரையாரிட்டி) மோடுக்குப் போனால் வரும்.

டி7000, டி7100, டி7200, டி610, டி750, டி810, டி850, பழைய டி300, டி700 வைத்திருந்தால் செலவு செய்யும் முன் நிறுத்துங்கள். இவற்றில் லென்ஸ் பூட்டும் மவுண்ட் வளையத்தைச் சுற்றி ஏஐ நெம்புகோல் (லென்ஸ் ரிங் எந்த எண்ணில் இருக்கிறது என்று பாடிக்குச் சொல்வது) இருக்கிறது. மெனுவில் 'நான்-சிபியு லென்ஸ் டேட்டா' பகுதியில் நீளத்தையும் அப்பர்ச்சரையும் ஒருமுறை பதிந்தால் மீட்டரும் ஓடும், படத்தில் விவரமும் ஏறும். ஒன்பது லென்ஸ் வரை பதியலாம். லென்ஸ் மாற்றும்போது மெனுவில் எண்ணை மாற்றும் சிரமம் மட்டும்தான் மிச்சம்.

இசட் வரிசை மிரர்லெஸ் பாடியில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டுப் பழைய நிக்கான் லென்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் சிப் உதவும். எஃப்டிஇசட்டில் ஏஐ நெம்புகோல் கிடையாது, ஆனால் அப்பர்ச்சரை மூடும் நெம்புகோல் உண்டு. சிப் இருந்தால் பாடியே அப்பர்ச்சரை ஆளும். இல்லையென்றால் ரிங்கைத் திருப்பி மூடியபடிதான் எடுக்க வேண்டும், எஃப் எண்ணும் பதிவாகாது.

கேனன் இஓஎஸ் டிஎஸ்எல்ஆரில் நிலைமை வேறு. வெறும் அடாப்டரோடு எம்42 (திருகி மாட்டும் பழைய வகை) லென்ஸை மாட்டினாலே ஏவி மோடில் (நிக்கானின் ஏ மோடு போன்றது) மீட்டர் ஓடும். இல்லாதது ஃபோகஸ் பச்சைப் புள்ளியும் பீப் ஒலியும்தான். வியூஃபைண்டர் சின்னதாக இருக்கும் 1200டி, 700டி போன்ற பாடிகளில் அந்தப் புள்ளி பெரிய உதவி. கேனன் மிரர்லெஸ், சோனி, ஃபூஜி என்றால் ஃபோகஸ் பீக்கிங்கும் (ஃபோகஸான விளிம்புகளை வண்ணத்தில் காட்டுவது) திரையைப் பெரிதாக்கும் வசதியும் புள்ளியைவிட நம்பகமானவை. அவற்றில் சிப்புக்குப் பதில், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழ அனுமதிக்கும் மெனுவைத் தேடி ஆன் செய்யுங்கள். பாடிக்குள்ளேயே ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் லென்ஸ் நீளத்தை மெனுவில் கையால் கொடுக்கலாம்.

படத்தில் விவரம் பதிந்தால் போதும் என்பவர்களுக்குச் சிப்பே வேண்டாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் ஒரே கட்டளையில் எழுதிவிடும்.

சில மேனுவல் லென்ஸ்கள் தொழிற்சாலையிலிருந்தே சிப்போடு வந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். நிக்கானின் 45 மி.மீ. எஃப்/2.8 பி, ஸைஸின் இசட்எஃப்.2 வரிசை, வாய்க்லேண்டரின் எஸ்எல் 2 வரிசை ஆகியவை அப்படிப்பட்டவை. பின்பக்கம் தங்கப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸைஸில் '.2' இல்லாத இசட்எஃப் வேறு, அதில் சிப் இல்லை.

2. மவுண்ட் கணக்கு

லென்ஸ் மவுண்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் வேறு. அதைப் பார்க்காமல் அடாப்டர் வாங்கினால் சில அடி தூரத்துக்கு மேல் ஃபோகஸே கிடைக்காது.

கேனன் இஎஃப் 44.00 மி.மீ., எம்42 மற்றும் பென்டாக்ஸ் கே 45.46, ஒலிம்பஸ் ஓஎம் 46.0, நிக்கான் எஃப் 46.5, லைக்கா ஆர் 47.0. மினோல்டாவின் பழைய மவுண்ட் 43.5, கேனன் எஃப்டி 42.0.

லென்ஸின் எண் பாடியின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், வித்தியாசத்தை அடாப்டர் நிரப்பும். எம்42 லென்ஸை இஓஎஸ்ஸில் மாட்ட அடாப்டரின் தடிமன் 1.46 மி.மீ., நிக்கான் லென்ஸை மாட்ட 2.5 மி.மீ. வந்ததும் வெர்னியரில் அளந்துவிடுங்கள். கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் பாதகமில்லை, இன்ஃபினிட்டியை, அதாவது மிகத் தூர ஃபோகஸ் நிலையை, தாண்டி ரிங் திரும்பும், அவ்வளவுதான். தடித்திருந்தால் மெரினாவில் நின்று தூரத்துக் கப்பலை எடுக்க முடியாது.

எஃப்டி, மினோல்டா லென்ஸ்களை இஓஎஸ்ஸிலும், எம்42 லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரிலும் மாட்டினால் இன்ஃபினிட்டி வராது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். அந்த மலிவுக் கண்ணாடி நல்ல லென்ஸையும் கெடுக்கும். அவற்றில் சிப் வைத்துப் பணத்தை வீணாக்காதீர்கள்.

எம்42 லென்ஸின் பின்னால் ஒரு சிறு குச்சி இருக்கும். அதை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் மூடும். லென்ஸில் ஏ/எம் சுவிட்ச் இருந்தால் எம்மில் வைத்தால் போதும். இல்லாவிட்டால், குச்சியை அழுத்தும் உள்விளிம்பு கொண்ட அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னொரு ஆபத்து. பாடிக்குள் மேலேறி இறங்கும் கண்ணாடி (மிரர்) அதில் பெரியது. சில 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ்களின் பின்பகுதி இன்ஃபினிட்டியில் வெளியே நீண்டு கண்ணாடியில் தட்டும். முதல் முறை லைவ் வியூவில், கண்ணாடி மேலே போன நிலையில் மாட்டிப் பாருங்கள். பிறகு அருகிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இன்ஃபினிட்டி பக்கம் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்துச் சோதியுங்கள்.

3. எந்தச் சிப்

மூன்று வழி இருக்கிறது.

கேனன்காரர்களுக்கு எளிது, சிப் ஒட்டியே வரும் அடாப்டர். மலிவு ரகம் பெரும்பாலும் '50 மி.மீ., எஃப்/1.4' என்று மட்டுமே சொல்லும், மாற்ற முடியாது. 135 மி.மீ. எஃப்/3.5 லென்ஸை அதில் மாட்டினாலும் அதையேதான் சொல்லும். இதனால் படத்தில் தவறான எண் ஏறுவது சின்ன விஷயம். பெரிய விஷயம், எஃப்/2.8க்கு மேல் வெளிச்சமான லென்ஸ் இருப்பதாக நினைத்துப் பாடி தன் நுண்ணிய ஃபோகஸ் சென்சாரை முடுக்கும். அந்த அளவு அகலமான ஒளிக்கற்றை வராததால் புள்ளி தடுமாறும், இருட்டில் எரியவே எரியாது. 50 மி.மீ. எஃப்/1.4 முதல் எஃப்/2 வரையான லென்ஸ் ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது என்றால் மட்டும் இது போதும்.

இரண்டாவது, புரோகிராம் செய்யக்கூடிய சிப். டேண்டிலயன், இஎம்எஃப் என்ற பெயர்களில் வருபவை இந்த ரகம். நீளம், அப்பர்ச்சர், சிலவற்றில் ஃபோகஸ் முன்பின் திருத்தம் எல்லாம் பதியலாம். கொஞ்சம் கூட விலை. வாங்குவதாக இருந்தால் இதையே வாங்குங்கள். கேனனுக்கும் நிக்கானுக்கும் சிப் வேறு வேறு. ஆர்டர் செய்யும்போது மவுண்ட் பெயரை இரண்டு முறை படியுங்கள்.

மூன்றாவது, நிக்கானுக்கு மட்டும். செத்துப்போன ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒன்றைப் பிரித்து அதன் தொடுபுள்ளிக் கட்டையையும் சிப்பையும் எடுத்து வைப்பது. ஃபங்கஸ் பிடித்து யாரும் வாங்காத பழைய கிட் ஜூம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. ஆனால் அந்தச் சிப் தன் பழைய லென்ஸின் விவரத்தையேதான் சொல்லும். ஜூமின் சிப், ஜூம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பட்டையையும் எதிர்பார்க்கும். 50 மி.மீ. லென்ஸிலிருந்து எடுத்து இன்னொரு 50 மி.மீ. லென்ஸில் வைப்பதுதான் உருப்படியாக முடியும். மற்றவற்றில் நேரம்தான் போகும்.

4. வாங்குவது: ஆவணம், செலவு, நாள் கணக்கு

சிப் ஒட்டிய எம்42–இஓஎஸ் அடாப்டர் இந்திய ஆன்லைன் கடைகளிலேயே கிடைக்கிறது. தனிச் சிப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். கடுகளவு பொருள்தான் என்றாலும் தபால் செலவு சில நேரம் சிப் விலையையே தொட்டுவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் அது குறையும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: விலை தெளிவாக எழுதிய இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான வங்கி அல்லது கார்டு ரசீது, பொருளின் பக்கத்தை அச்சடித்த தாள், ஆதார் அல்லது பாஸ்போர்ட் போன்ற அடையாளச் சான்று. கூரியரில் வந்தால் கேஒய்சி கேட்டு எஸ்எம்எஸ் வரும், அதில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 'கே. குமார்' என்று ஆர்டர் செய்துவிட்டு முழுப்பெயர் உள்ள அட்டையை அனுப்பினால் பார்சல் அங்கேயே நிற்கும். சாதாரணத் தபாலில் வந்தால் சுங்கப் பரிசோதனைக்குப் பிறகு தீர்வைத் தொகையைத் தபால்காரரிடம் கட்டி வாங்குவது வழக்கம்.

'பரிசு' என்று எழுதி அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விதிவிலக்கு. பொய்யாக எழுதியதால் பார்சல் தேங்கும், அவ்வளவுதான் லாபம். தீர்வை விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. ஆர்டர் செய்யும் வாரத்தில் உள்ள விகிதத்தைப் பார்த்து, விலையும் தபாலும் சேர்ந்த தொகையின் மேல் கணக்கிடுங்கள்.

கூரியர் சீக்கிரம் வரும், செலவு கூடுதல். பதிவுத் தபால் வாரக்கணக்கில் ஆகும். கல்யாண ஆல்பத்துக்கு வேண்டும் என்று பத்து நாள் முன்னால் ஆர்டர் செய்யும் வேலை இதுவல்ல.

5. கருவிகள்

பெரும்பாலானவை சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும்.

வாங்க வேண்டியவை: பீப் ஒலி வரும் மல்டிமீட்டர் (மலிவு ரகமே போதும்), ஐசோபுரொபைல் ஆல்கஹால், மஞ்சள் நிறக் காப்டன் டேப், நுனி கூர்மையான ட்வீசர், பத்து மடங்கு காட்டும் லூப் (சிறு பூதக்கண்ணாடி), டிஜிட்டல் வெர்னியர். சிறு அரங்கள் அடங்கிய செட்டும் 400, 800 எண் உப்புத்தாளும் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். பழைய ஓஎச்பி ஷீட் (ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றும் வேண்டும், ஜெராக்ஸ் கடையில் கேளுங்கள்.

ஸ்க்ரூ டிரைவரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பானிய லென்ஸ்களின் ஸ்க்ரூ ஜேஐஎஸ் என்ற தரத்தைச் சேர்ந்தது. பார்க்க சாதாரண ஸ்டார் போலவே இருக்கும். சாதாரண ஸ்டார் முனையை வைத்துத் திருப்பினால் வழுக்கித் தலை மழுங்கிவிடும், பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜேஐஎஸ் 0, 00 முனைகளை வரவழைத்துக்கொள்ளுங்கள்.

பசைக்கு இரண்டு டியூப் அரால்டைட், மெதுவாக இறுகும் ரகம். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் அவசரத்துக்கு வசதிதான், ஆனால் இடத்தைச் சரிசெய்ய நேரம் தராது. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் ஆவி லென்ஸ் கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். தவிர, அது உடையும் தன்மை கொண்டது, நாலு முறை லென்ஸைக் கழற்றி மாட்டினால் சிப் பெயர்ந்து பாடிக்குள்ளே விழும்.

6. லென்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்

சென்னைக் காற்றில் மூடி வைத்த லென்ஸில் ஃபங்கஸ் வருவது சாதாரணம். டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல் தெரிந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். சிப் ஒட்டிய பிறகு பின்பக்கத்தைப் பிரிப்பது சில லென்ஸ்களில் முடியாது. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருந்தாலும் இப்போதே சரிசெய்யுங்கள். நிக்கானில் பாடிதான் அப்பர்ச்சரை மூடப் போகிறது, எண்ணெயில் ஒட்டி மெதுவாக மூடும் இதழ் ஒவ்வொரு படத்தையும் ஓவர் எக்ஸ்போஸ் ஆக்கும். கையால் நெம்புகோலை இழுத்து விட்டால் 'டக்'கென்று திரும்ப வேண்டும்.

7. இடம் குறிப்பது

இந்த வேலையில் பொறுமை வேண்டிய இடம் இதுதான். பசை போடும் முன் எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.

அதே மவுண்டின் அசல் லென்ஸ் ஒன்று, கிட் லென்ஸே போதும், அளவுகோலாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதன் பின்பக்கத்தின் மேல் ஓஎச்பி ஷீட்டை வைத்து, மவுண்டின் வெளிவட்டம், பாடியின் பூட்டு முள் விழும் குழி, தங்கப் புள்ளிகளின் முதலும் கடைசியும் ஆகியவற்றை மெல்லிய மார்க்கரில் வரையுங்கள். வட்டத்தை வெட்டி எடுத்து அடாப்டரின் மேல் வையுங்கள். குழியோடு குழி பொருந்தினால், சிப் எங்கே வர வேண்டும் என்று தெரிந்துவிடும். சிவப்புப் புள்ளியைப் பார்த்து இடம் குறிக்காதீர்கள். லென்ஸை நுழைக்கும் கோணமும் பூட்டிய பின் நிற்கும் கோணமும் வேறு. பூட்டிய நிலையில் கேனனில் தொடுபுள்ளிகள் பாடியின் அடிப்பக்கம் வரும், நிக்கானில் மேல்பக்கம் வரும்.

அடுத்தது உயரம். அசல் லென்ஸில், பாடியோடு உட்காரும் தட்டையான உலோகப் பரப்பிலிருந்து தங்கப் புள்ளியின் முகம் வரை வெர்னியரின் ஆழக்கம்பியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். சிப்பை உலர்நிலையில், பசை இல்லாமல், அடாப்டரில் வைத்து அதே அளவை எடுங்கள். 0.2 மி.மீ. தாழ்ந்திருந்தால் பாதகமில்லை. பாடியில் உள்ள பின்கள் ஸ்பிரிங்கில் நிற்பவை, எட்டித் தொடும். உயர்ந்திருப்பதுதான் ஆபத்து. லென்ஸைத் திருப்பிப் பூட்டும்போது சிப்பின் விளிம்பு ஒவ்வொரு பின்னையும் உரசிக்கொண்டு போகும். உயரம் கூடினால் பின் வளையும். பின் வளைந்த பாடியைச் சரிசெய்யும் செலவில் நாலு சிப் வாங்கலாம். உயர்ந்திருந்தால் சிப்பைத் தேய்க்காதீர்கள், அடியில் உள்ள அடாப்டர் உலோகத்தை அரத்தால் தேய்த்துப் பள்ளமாக்குங்கள்.

தேய்க்கும்போது லென்ஸ் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. உலோகத் தூள் ஹெலிகாய்டில் (ஃபோகஸ் ரிங்கின் உள்மரை) புகுந்தால் ஃபோகஸ் ரிங் காலம் முழுக்க கரகரக்கும். தேய்த்து முடித்ததும் அடாப்டரைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, ஆல்கஹாலால் துடையுங்கள்.

8. ஒட்டுவது

சிப் உட்காரும் இடத்தை 400 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். கறுப்புப் பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்ட்டோடு பெயர்ந்து வரும். ஆல்கஹாலால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. சிப்பின் முதுகில் செப்புக் கோடு எங்காவது வெளியே தெரிந்தால், பசைக்கு முன் ஒரு சிறு துண்டு காப்டன் ஒட்டுங்கள். உலோக அடாப்டரில் அது தொட்டால் ஷார்ட்.

பசை ஒட்டும் முன் மல்டிமீட்டரில் பீப் நிலையை வைத்து, ஒவ்வொரு தங்கப் புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் இடையே சோதித்து ஒரு தாளில் எழுதுங்கள். இறுகிய பிறகும் அதே பலன் வர வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் அடாப்டர் உலோகத்துக்கும் இடையே பீப் வரவே கூடாது.

இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்து ஒரு நிமிடம் கலக்குங்கள். கடுகு அளவு போதும். பல் குச்சியால் மெல்லிய படலமாகப் பூசி, ட்வீசரால் சிப்பை வைத்து, மேலே காப்டன் டேப்பால் இழுத்துப் பிடித்து நிறுத்துங்கள். காப்டனில் அரால்டைட் சுலபமாக உரிந்து வந்துவிடும், செல்லோ டேப் போல ஒட்டிக்கொள்ளாது. பத்து நிமிடம் கழித்து லூப்பில் பாருங்கள், சிப் வழுக்கியிருக்கும். பெரும்பாலும் வழுக்கும். சரிசெய்து விடுங்கள். தங்கப் புள்ளியில் பசை பட்டிருந்தால் இறுகும் முன்பே ஆல்கஹால் தொட்ட பஞ்சால் எடுத்துவிடுங்கள். இறுகிவிட்டால் சுரண்ட வேண்டி வரும், முலாமும் போகும்.

சிப்பின் இரு ஓரத்திலும் துளி பசையைச் சரிவாகத் தடவிவிடுங்கள். பின்கள் விளிம்பில் இடிக்காமல் ஏறி இறங்க அது உதவும்.

24 மணி நேரம் தொடாதீர்கள். கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் லென்ஸை விட்டுப்போகும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், அந்தச் சூட்டில் அரால்டைட் போன்ற எபாக்சி பசை இளகும்.

9. நிக்கான் லென்ஸ் என்றால் கூடுதலாக

இங்கே அடாப்டர் இல்லை, லென்ஸின் மவுண்டுக்குள்ளேயே ஒட்ட வேண்டும். அதனால் லென்ஸைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிகிறது.

ஏஐ-எஸ் லென்ஸையே எடுங்கள். அடையாளம்: அப்பர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும், இரண்டிலும் மிகச் சிறிய அப்பர்ச்சர் (16, 22 அல்லது 32) ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மவுண்டின் உலோகத்தில் கரண்டியால் அள்ளியது போல ஒரு குழிவும் இருக்கும். ஏஐ-எஸ்ஸில் நெம்புகோல் நகரும் தூரமும் அப்பர்ச்சர் மூடும் அளவும் சீராகப் போகும். அதற்கு முந்தைய ஏஐ லென்ஸில் அப்படி இல்லை. பாடி எஃப்/5.6 என்று நினைத்து இழுத்தால் லென்ஸ் வேறெங்கோ நிற்கும், எக்ஸ்போஷர் அப்பர்ச்சருக்கு அப்பர்ச்சர் மாறும். முதல் முயற்சிக்கு சீரீஸ் இ 50 மி.மீ. எஃப்/1.8 நல்லது. ஏஐ-எஸ் வகைதான், விலையும் குறைவு, கெட்டாலும் மனசு வலிக்காது.

50 மி.மீ. எஃப்/1.2 போல பின்கண்ணாடி மவுண்டின் வாயையே அடைத்துக்கொண்டிருக்கும் லென்ஸ்களில் சிப்புக்கு இடமே இல்லை. கண்ணாடி ஓரத்தை அரைத்து வைத்தவர்கள் உண்டு. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

பல லென்ஸ்களில் பின்னால் சதுர ஓட்டையோடு கறுப்பு ஒளிமறைப்புத் தகடு இருக்கும். சிப் உட்கார அதன் ஒரு ஓரத்தைத் தேய்க்க வேண்டி வரலாம். தகட்டைத் தனியே கழற்றித் தேயுங்கள். ஸ்க்ரூ இறுகியிருந்தால் சாலிடரிங் அயர்ன் நுனியைச் சில விநாடி ஸ்க்ரூவின் தலையில் வைத்தால் பூட்டுப் பசை இளகும். பயோனெட் வளையத்தைக் கழற்றாமல் முடிந்தால் கழற்றாதீர்கள். அடியில் மெல்லிய ஷிம் வளையங்கள் இருக்கலாம், ஒன்று தொலைந்தாலும் இன்ஃபினிட்டி மாறிவிடும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் அப்பர்ச்சர் நெம்புகோல் எந்தக் கொக்கியில் இருந்தது என்று போனில் படம் எடுத்துவிட்டுத் தொடுங்கள்.

சிப்பும் பசையும் நெம்புகோலின் பாதையில் துருத்தக் கூடாது. இறுகிய பிறகு ரிங்கை ஒவ்வொரு எண்ணிலும் வைத்து நெம்புகோலை இழுத்து விட்டுப் பாருங்கள்.

10. முதல் முறை மாட்டும்போது

வாரண்டியில் உள்ள புதுப் பாடியில் சோதிக்காதீர்கள். பழைய பாடி ஒன்று கிடைத்தால் அதில் முதலில். பாடியை ஆஃப் செய்துவிட்டு மாட்டுங்கள். திருப்பும்போது ஓரிடத்தில் தடுத்தால் பலம் போடாதீர்கள், கழற்றி லூப்பில் பாருங்கள், எங்கே உரசியது என்று கோடு தெரியும்.

கேனனில் அப்பர்ச்சர் இடத்தில் '00' வந்தால் சிப் தொடவே இல்லை என்று பொருள். உயரம் போதவில்லை, அல்லது புள்ளியில் பசைப் படலம் இருக்கிறது. 'எர்ர் 01' வந்தால் பாதி தொடுகிறது, பாதி தொடவில்லை. சிப் பக்கவாட்டில் நகர்ந்து ஒட்டியிருக்கும். பழைய பாடிகளில் இதற்கே 'எர்ர் 99' வரும்.

நிக்கானில் 'எஃப்இஇ' என்று வந்தால் பயப்பட வேண்டாம். அப்பர்ச்சர் ரிங்கை மிகச் சிறிய எண்ணில் வைக்கவில்லை, அவ்வளவே. அங்கே வைத்துவிட்டு அப்பர்ச்சரைப் பாடியின் சக்கரத்தில் மாற்றுங்கள். 'எஃப்--' என்று வந்தால் சிப்பைப் பாடி பார்க்கவில்லை.

11. விவரம் பதிவது

பொதுவான முறை: எம் மோடில், குறிப்பிட்ட அப்பர்ச்சர் எண்ணை வைத்து ஒரு படம், அடுத்த எண்ணை வைத்து ஒரு படம் என்று வரிசையாக ஷட்டரை அழுத்தி உள்ளே எண்களைச் செலுத்துவது. எந்த எண், எந்த வரிசை என்பது சிப்புக்குச் சிப், பதிப்புக்குப் பதிப்பு மாறும். சிப்போடு வரும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். வேறொரு சிப்பின் வரிசையை இதில் போட்டால் கன்னாபின்னா எண்கள் பதிந்து, திரும்ப முதல் நிலைக்குக் கொண்டுவரவே அந்தத் தாள் தேவைப்படும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி போடுங்கள், நடுவில் பாடி தூங்கிப்போகாதபடி ஆட்டோ பவர் ஆஃபை நீட்டி வையுங்கள்.

அதிகபட்ச அப்பர்ச்சரைச் சரியாகப் பதிவது நீளத்தைவிட முக்கியம். நிக்கானில் குறைந்தபட்ச அப்பர்ச்சரும் முக்கியம். 

கேனனில் மலிவுச் சிப்பின் பொறி ஒன்று இருக்கிறது. சிப் எஃப்/1.4 என்கிறது, நீங்கள் லென்ஸ் ரிங்கை எஃப்/8இல் வைக்கிறீர்கள், பாடியின் சக்கரத்தையும் எஃப்/8க்குத் திருப்புகிறீர்கள். இப்போது உள்ளே வரும் வெளிச்சம் முழுத் திறப்பில் வருவதாகவும், படம் எடுக்கும்போது இன்னும் ஐந்து ஸ்டாப் மூடப் போவதாகவும் பாடி கணக்குப் போடும். படம் வெளுத்துப்போகும். பாடியின் சக்கரம் சிப் சொல்லும் அதிகபட்ச எண்ணிலேயே நிற்கட்டும், ரிங்கை மட்டும் திருப்புங்கள். பி, டிவி மோடுகள் வேண்டாம்.

12. புள்ளி சொல்வது உண்மையா

புள்ளி எரிந்தால் ஃபோகஸ் சரி என்று நம்பிவிடக் கூடாது, சோதிக்க வேண்டும். டிரைபாடில் பாடி, 45 டிகிரி சாய்வில் ஒரு ஸ்கேல், லென்ஸ் முழுத் திறப்பில், நடுப்புள்ளி மட்டும் ஆன். ஷட்டரைப் பாதி அழுத்தியபடி அருகிலிருந்து தூரம் நோக்கித் திருப்பி, புள்ளி எரியும் முதல் இடத்தில் ஒரு படம். தூரத்திலிருந்து அருகே வந்து அதேபோல் ஒரு படம். இரண்டுக்கும் இடையே கொஞ்சம் அகலம் இருக்கும், அதன் நடுவில்தான் உண்மையான ஃபோகஸ் இருக்க வேண்டும். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி ஒப்பிடுங்கள்.

எப்போதும் ஒரே பக்கம் விலகியிருந்தால் சிப்பிலேயே திருத்தம் பதிய முடிந்தால் அங்கே செய்யுங்கள். பாடியின் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்டில் செய்தால் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மாதிரிச் சிப் வைத்த உங்கள் எல்லா லென்ஸையும் பாடி ஒரே லென்ஸாகத்தான் பார்க்கும். 58 மி.மீ. லென்ஸுக்குப் போட்ட திருத்தம் 135க்கும் ஏறிவிடும். சில பாடிகளில் அந்த மெனுவே கிடையாது.

ஃபோகஸ் பிடிப்பது முழுத் திறப்பில்தான். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் ஃபோகஸ் சென்சார்களுக்கு எஃப்/5.6 வரை வெளிச்சம் வேண்டும். கேனனில் ரிங்கை எஃப்/8க்கு மூடிவிட்டுப் புள்ளிக்காகக் காத்திருந்தால் வராது, வந்தாலும் நம்ப முடியாது. திறந்து ஃபோகஸ் பிடித்து, பிறகு ரிங்கைக் கிளிக் எண்ணி மூடி, அழுத்துங்கள். மூடிய பிறகு இஓஎஸ் மீட்டர் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் என்று விலகுவதும் உண்டு. ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒவ்வொரு லென்ஸுக்கும் எவ்வளவு திருத்தம் என்று குறித்து, மூடிக்குள் சிறு ஸ்டிக்கரில் ஒட்டி வையுங்கள்.

எம்42 லென்ஸ் மூன்று நான்கு இருந்தால், ஒரே சிப் அடாப்டரை மாற்றி மாற்றித் திருகுவதைவிட லென்ஸுக்கு ஒன்று என்று அடாப்டரை நிரந்தரமாக விட்டுவிடுவது நல்லது. பதிந்த எண் எப்போதும் சரியாக இருக்கும், அவசரத்தில் திருகும்போது விரல் சிப்பில் படுவதும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கட்டாயம், தங்கப் புள்ளிகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, சிப்பின் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். அசைந்தால் அந்த லென்ஸை மறுபடி ஒட்டும்வரை பாடியில் மாட்டாதீர்கள்.